நோவா பேழைக்கு வரிப்பணம் போனதா? மதச் சுற்றுலாத் தலங்களும் அமெரிக்க வரிச் சலுகைகளும்

அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்தில், வில்லியம்ஸ்டவுன் என்ற சிற்றூருக்குப் பக்கத்தில், 510 அடி நீளத்தில் ஒரு மரக்கப்பல் நிற்கிறது. விவிலியத்தின் முதல் நூலான ஆதியாகமம் சொல்லும் அளவுகளைக் கொண்டு நோவாவின் பேழையாகக் கட்டியிருக்கிறார்கள். பெயர் ‘ஆர்க் என்கவுன்டர்’. செலவு சுமார் 10 கோடி டாலர். 2016 ஜூலை 7 அன்று திறக்கப்பட்டது. கட்டியது ‘ஆன்சர்ஸ் இன் ஜெனிசிஸ்’ என்ற கிறிஸ்தவ அமைப்பு. உலகம் தோன்றி ஏறத்தாழ 6,000 ஆண்டுகள்தான் ஆகின்றன, ஆறே நாளில் அது படைக்கப்பட்டது என்பது அதன் போதனை. அதை நிறுவியவர்களில் முக்கியமானவர், ஆஸ்திரேலியாவில் பிறந்த கென் ஹாம்.

இந்தப் பூங்கா செய்தியில் அடிபடும் போதெல்லாம் இரு தரப்பும் இரண்டு வாசகங்களோடு வந்துவிடுகின்றன. “மக்கள் வரிப்பணத்தில் மதப் பிரச்சாரம்” என்கிறது ஒன்று. “பேழை கட்ட ஒரு காசு வரிப்பணம்கூட வாங்கவில்லை” என்கிறது மற்றது. இரண்டையும் பொய் என்று தள்ளிவிட முடியாது. பொதுப்பணம் ஒரு தலத்துக்குப் போகும் வழிகள் பல. ஒவ்வொரு வழியிலும் பணம் கொடுப்பவர் வேறு, சட்டம் கேட்கும் கேள்வியும் வேறு. அவற்றைப் பிரித்துப் பார்த்தால்தான் யார் எதைப் பற்றிப் பேசுகிறார்கள் என்று விளங்கும்.

பணம் போகும் வழிகள்

1. நேரடி மானியம். அரசு கருவூலத்திலிருந்து காசோலை எழுதித் தருகிறது. புரிந்துகொள்ள எளிது, நீதிமன்றத்தில் எதிர்ப்பதற்கும் எளிது.

2. சொத்து வரி விலக்கு. அரசு எதையும் கொடுப்பதில்லை; வர வேண்டியதைக் கேட்காமல் விடுகிறது. தேவாலயங்களுக்கு அமெரிக்காவின் எல்லா மாநிலங்களிலும் இது உண்டு.

3. விற்பனை வரியைத் திருப்பித் தருதல். பூங்கா தன் வாடிக்கையாளரிடம் வரியை வசூலித்து அரசுக்குக் கட்டுகிறது. அரசு அதை ஆண்டு முடிவில் பூங்காவுக்கே திருப்பித் தருகிறது.

4. வரி வளர்ச்சி நிதி. புதிய கட்டுமானத்தால் ஓர் இடத்தின் சொத்து வரி வருமானம் கூடும். அந்தக் கூடுதலைப் பொதுச் செலவுக்கு எடுக்காமல், அந்தக் கட்டுமானத்தின் கடனை அடைக்கவே ஒதுக்கிவிடுகிறார்கள்.

5. நிலம், சாலை, குடிநீர், தீயணைப்பு போன்ற சுற்றுவழி உதவிகள்.

பேழைப் பூங்காவுக்கு மாநிலக் கருவூலத்திலிருந்து முதல் வகை கிடைக்கவில்லை. மூன்றும் நான்கும் ஐந்தும் கிடைத்தன. “ஒரு காசுகூட வாங்கவில்லை” என்பவர்கள் முதல் வகையை மட்டும் மனத்தில் வைத்துப் பேசுகிறார்கள்.

கென்டக்கியின் சுற்றுலாச் சட்டம்

கென்டக்கியில் 1990களிலிருந்து ஒரு சுற்றுலா வளர்ச்சிச் சட்டம் இருக்கிறது. புதிய சுற்றுலாத் தலம் அமைப்பவர், ஏற்கப்பட்ட செலவில் 25 சதவீதம் வரை, 10 ஆண்டுகளில், தான் வசூலித்துக் கட்டிய விற்பனை வரியிலிருந்து திரும்பப் பெறலாம். திட்டச் செலவு 10 லட்சம் டாலருக்கு மேல் இருக்க வேண்டும். ஆண்டில் குறைந்தது 100 நாள் திறந்திருக்க வேண்டும். பார்வையாளர்களில் நாலில் ஒரு பங்கினராவது வெளிமாநிலத்தவராக இருக்க வேண்டும். மாநிலத்துக்கு நிகர ஆதாயம் வர வேண்டும். மதம் பற்றி இந்த நிபந்தனைகளில் ஒரு சொல்லும் கிடையாது. கார்ப் பந்தயத் திடல்களும் மது ஆலைகளின் பார்வையாளர் கூடங்களும் பயன்பெறுகிற சட்டம்தான் இது.

கணக்கு எளியது. மாநில விற்பனை வரி 6 சதவீதம். ஒரு பூங்கா டிக்கெட், உணவு, நினைவுப் பொருள் என்று ஆண்டுக்கு 3 கோடி டாலருக்கு விற்றால் வரி 18 லட்சம் டாலர். பத்தாண்டில் 1.8 கோடி. பேழையின் முதல் கட்டச் செலவாக விண்ணப்பத்தில் காட்டப்பட்டது 7.3 கோடி டாலர். அதில் 25 சதவீதம் 1.825 கோடி. செய்திகளில் வரும் “18 மில்லியன் டாலர் சலுகை” இந்த உச்சவரம்புதான். ஒரே நாளில் கொடுத்த தொகை அல்ல. கூட்டம் வராவிட்டால் சலுகையும் சுருங்கும்.

வெளிமாநிலப் பார்வையாளர் என்ற நிபந்தனையில்தான் இந்தச் சட்டத்தின் பொருளாதாரமே நிற்கிறது. உள்ளூர்க் குடும்பம் ஒன்று பக்கத்து ஊர்ச் சினிமாவுக்குப் போகாமல் பூங்காவுக்குப் போனால் மாநிலத்துக்குப் புது வருமானம் எதுவும் இல்லை. சினிமா டிக்கெட்டில் வந்திருக்கும் வரி, பூங்கா டிக்கெட்டில் வந்து, பிறகு பூங்காவுக்கே திரும்பிப் போகிறது, மாநிலத்துக்கு நட்டம்தான். ஒஹையோவிலிருந்தோ டென்னசியிலிருந்தோ வருபவர் விடுதியில் தங்கி, பெட்ரோல் போட்டு, வெளியே சாப்பிட்டால் அந்த வரி முழுதும் மாநிலத்துக்கு லாபம். பூங்கா இல்லையென்றால் அவர் வந்திருக்கவே மாட்டார் என்பது இதற்குள் இருக்கும் அனுமானம். அதை நிரூபிப்பது கடினம். எந்தச் சுற்றுலாச் சலுகைக்கும், அது மதம் சார்ந்ததோ இல்லையோ, பலவீனமான இடம் இதுதான்.

ஆறாண்டு இழுபறி

திட்டம் 2010 டிசம்பரில் அறிவிக்கப்பட்டது. அன்றைய ஆளுநர் ஸ்டீவ் பெஷியர் ஜனநாயகக் கட்சிக்காரர். அறிவிப்பு மேடையில் அவரும் இருந்தார். வேலைவாய்ப்பு வரும் என்பதே அவர் வாதம். 2011இல் முதற்கட்ட ஒப்புதல் கிடைத்தது. அப்போது திட்ட மதிப்பு 17.2 கோடி டாலர். நிதி சேராமல் அந்த ஒப்புதல் காலாவதியானது. சிறிய திட்டத்தோடு 2014இல் புதிதாக விண்ணப்பித்தார்கள். அந்த ஜூலையில் மறுபடியும் முதற்கட்ட ஒப்புதல்.

அடுத்த மாதமே சிக்கல் தொடங்கியது. பேழைத் திட்டத்துக்கான ஒரு வேலை விளம்பரத்தில், விண்ணப்பிப்பவர் தன் மத நம்பிக்கையையும் படைப்புக் கொள்கையில் தன் நம்பிக்கையையும் எழுதித் தர வேண்டும் என்று இருந்தது. மாநிலச் சுற்றுலாத் துறை விளக்கம் கேட்டது. மத அடிப்படையில் ஆள் எடுக்க மாட்டோம் என்று உறுதி தரச் சொன்னது. அமைப்பு மறுத்தது. 2014 டிசம்பரில் அரசு சலுகையை நிராகரித்தது. சுற்றுலாத் தலம் என்று சொல்லி ஆரம்பித்த திட்டம் மதப் பணியின் நீட்சியாக மாறிவிட்டது, ஆகவே மாநில நிதியைத் தர இயலாது என்பது கடிதத்தின் சாரம்.

2015 பிப்ரவரியில் வழக்கு. 2016 ஜனவரி 25 அன்று கூட்டாட்சி மாவட்ட நீதிபதி கிரெகரி வான் டாட்டன்ஹோவ் பூங்காவுக்குச் சாதகமாக உத்தரவிட்டார். அதற்குள் குடியரசுக் கட்சியின் மேட் பெவின் ஆளுநராகிவிட்டார், மேல்முறையீடு செய்யவில்லை. ஏப்ரலில் சலுகை உறுதியானது.

அரசியலமைப்பு கேட்கும் இரண்டு கேள்விகள்

அமெரிக்க அரசியலமைப்பின் முதல் திருத்தம் மதம் பற்றி இரண்டு கட்டளைகள் இடுகிறது. ஒன்று, அரசு எந்த மதத்தையும் நிறுவக் கூடாது. இன்னொன்று, யாருடைய மதச் சுதந்திரத்தையும் தடுக்கக் கூடாது. பாடப்புத்தகத்தில் இவை அண்ணன் தம்பிபோல் அடுத்தடுத்து நிற்கும். பணம் என்று வந்ததும் ஒன்றையொன்று இடிக்கும். கொடுத்தால் முதல் கட்டளையை மீறினாய் என்பார்கள், மறுத்தால் இரண்டாவதை மீறினாய் என்பார்கள்.

இந்த இடுக்கில் உச்ச நீதிமன்றம் பல பத்தாண்டுகளாக நடந்த பாதையில் சில மைல்கற்கள் முக்கியம்.

1. 1947, எவர்சன் வழக்கு. கத்தோலிக்கப் பள்ளிக்குப் போகும் பிள்ளைகளுக்கும் பேருந்துக் கட்டணத்தைத் திருப்பித் தரலாம். உதவி எல்லாருக்கும் பொதுவானதா என்பது அளவுகோலாயிற்று. 5க்கு 4 என்று நூலிழையில் வந்த தீர்ப்பு.

2. 1970, வால்ஸ் வழக்கு. தேவாலயங்களுக்குச் சொத்து வரி விலக்கு செல்லும். வரி கேட்காமல் விடுவது ஆதரிப்பது ஆகாது. கேட்கப் போனால்தான் மதிப்பீடு, ஜப்தி என்று அரசு ஆலய விவகாரத்தில் அதிகம் தலையிட நேரும்.

3. 1971, லெமன் வழக்கு. அரசின் செயலுக்கு மதம் சாராத நோக்கம் இருக்க வேண்டும். அதன் முதன்மை விளைவு மதத்தை வளர்ப்பதாகவோ ஒடுக்குவதாகவோ இருக்கக் கூடாது. அரசும் மதமும் மிகையாகப் பின்னிக்கொள்ளக் கூடாது. இந்த மூன்று சோதனைகள்தான் அரை நூற்றாண்டு ஆண்டன.

4. 1989, டெக்சஸ் மன்த்லி வழக்கு. மதப் பத்திரிகைகளுக்கு மட்டும் விற்பனை வரி விலக்கு தந்த சட்டம் செல்லாது. விலக்கின் வாசல் அகலமாக இருந்தால் மத அமைப்பும் மற்றவர்களோடு நுழையலாம். மதத்துக்கென்று தனி வாசல் வைக்கக் கூடாது.

பேழை வழக்குக்கு நேரடியான முன்னோடி இவற்றில் எதுவும் இல்லை. அது டெட்ராய்ட் நகரிலிருந்து வந்தது. 2006இல் அங்கே நடந்த சூப்பர் பவுல் என்ற அமெரிக்கக் கால்பந்து இறுதிப் போட்டிக்காக நகர மையத்தை அழகுபடுத்த, கட்டட முகப்பையும் வாகன நிறுத்தத்தையும் சீர்செய்தவர்களுக்குப் பாதிச் செலவை நகர வளர்ச்சி அமைப்பு தந்தது. மூன்று தேவாலயங்களும் பெற்றன. நாத்திகர் அமைப்பு ஒன்று வழக்குத் தொடுத்தது. கென்டக்கியையும் தன் வரம்பில் கொண்ட ஆறாவது சுற்று மேல்முறையீட்டு நீதிமன்றம், திட்டம் எல்லாக் கட்டட உரிமையாளர்களுக்கும் பொது என்பதால் தேவாலயங்களுக்கும் தரலாம் என்று 2009இல் தீர்ப்பளித்தது. அது நேரடி மானியம். அதுவே செல்லும் என்றால், விற்பனை வரியைத் திருப்பித் தருவதை எதிர்ப்பது கடினம்.

வான் டாட்டன்ஹோவ் நடந்தது இந்த வழியில்தான். சட்டத்தின் நோக்கம் சுற்றுலா, மதம் அல்ல. நிபந்தனைகள் எல்லாருக்கும் பொது. தகுதியெல்லாம் இருந்தும் மதக் காரணத்தால் மட்டும் ஒதுக்குவது மதச் சுதந்திரத்தை மீறுவது. மத அடிப்படையில் ஆள் எடுப்பதும் மத அமைப்புகளுக்கு 1964 குடிமை உரிமைகள் சட்டமே தந்திருக்கும் விலக்கு. சலுகைக்கு விண்ணப்பித்ததால் அது பறிபோகாது. மாநிலத்துக்குப் பிடிக்கவில்லையென்றால் சலுகைச் சட்டத்தையே திருத்தலாம் அல்லது எடுத்துவிடலாம். எடுத்தால் எல்லாருக்கும் எடுக்க வேண்டும்.

சட்ட நோக்கில் இந்தத் தீர்ப்பு உறுதியானது என்றே தோன்றுகிறது. ஆனால் அது பதில் சொன்ன கேள்வி, மதத்தின் பெயரால் மறுக்கலாமா என்பது மட்டும். இந்தச் சலுகை மாநிலத்துக்குக் கட்டுப்படியாகிறதா என்பது நீதிமன்றத்தின் வேலை அல்ல. விவாதம் முழுதும் டார்வினா ஆதியாகமமா என்று போனதில் அந்த இரண்டாவது கேள்வி பொதுவெளியில் காணாமலே போயிற்று. பெஷியர் காலத்தில் ஆதரித்தவர்களும் வேலை வரும் என்றார்கள், பெவின் காலத்தில் ஆதரித்தவர்களும் வேலை வரும் என்றார்கள்; எத்தனை வேலை, என்ன விலைக்கு என்று அழுத்திக் கேட்டவர்கள் குறைவு.

பத்து டாலர் பத்திரம்

பூங்கா இரண்டு முகங்களோடு இயங்கியது. சொத்தை வைத்திருந்தது ‘ஆர்க் என்கவுன்டர் எல்.எல்.சி.’ என்ற லாப நோக்கு நிறுவனம். அதன் பின்னால் நின்றது லாப நோக்கற்ற மத அமைப்பு. சலுகைக்கு விண்ணப்பிக்கையில் வணிக முகம், ஆள் எடுக்கையில் மத முகம். இதில் சட்டமீறல் இல்லை என்று நீதிமன்றமே சொல்லிவிட்டது.

2017இல் இந்த ஏற்பாடு பொதுவில் உரசியது. கூட்டம் பெருகியதால் தீயணைப்பு, ஆம்புலன்ஸ் செலவுக்காக வில்லியம்ஸ்டவுன் நகரம் டிக்கெட்டுக்கு 50 சென்ட் பாதுகாப்புக் கட்டணம் விதித்தது. நாங்கள் மத அமைப்பு, எங்களுக்கு விலக்கு வேண்டும் என்றது பூங்கா. நகரம் மறுத்தது. ஜூன் இறுதியில் பூங்கா நிறுவனம், 4.8 கோடி டாலர் மதிப்பிட்டிருந்த முதன்மை நிலத்தைத் தன் சகோதர லாப நோக்கற்ற அமைப்பான ‘கிராஸ்வாட்டர் கேன்யன்’ பெயருக்கு 10 டாலருக்கு எழுதிக்கொடுத்தது.

கூழுக்கும் ஆசை, மீசைக்கும் ஆசை என்ற கதையாகிவிட்டது. விற்பனை வரிச் சலுகை ஒப்பந்தம் லாப நோக்கு நிறுவனத்தோடு போட்டது. சொத்து அதன் கையில் இல்லையென்றால் ஒப்பந்தம் மீறப்பட்டது என்று மாநிலம் ஜூலையில் சலுகையை நிறுத்தியது. சில நாட்களிலேயே நிலம் பழைய பெயருக்குத் திரும்பியது. 50 சென்ட் கட்டணத்தையும் பூங்கா ஏற்றுக்கொண்டது. சலுகை மீண்டது. எதிர்பாராத பக்க விளைவாக, கட்டணக் கணக்கு நகரத்திடம் போனதால் எத்தனை டிக்கெட் விற்கிறது என்று வெளியாட்களும் பார்க்க முடிந்தது.

புளோரிடா செய்த வேறு வேலை

ஆர்லாண்டோவில் 2001இல் ‘ஹோலி லேண்ட் எக்ஸ்பீரியன்ஸ்’ என்ற விவிலியப் பூங்கா திறந்தது. அங்கே சண்டை சொத்து வரி பற்றியது. டிக்கெட் விற்கும் கேளிக்கைப் பூங்காவா, ஊழியம் செய்யும் மத அமைப்பா என்று வரி மதிப்பீட்டாளரும் பூங்காவும் ஆண்டுக் கணக்கில் மோதினார்கள். 2006இல் புளோரிடா சட்டமன்றம் குறுக்கே வந்து, விவிலிய வரலாற்றைக் காட்சிப்படுத்தும் லாப நோக்கற்ற அமைப்பின் சொத்துக்கு வரி விலக்கு என்று தனிச் சட்டமே இயற்றியது. நிபந்தனை: ஆண்டில் ஒரு நாளாவது இலவச அனுமதி.

கென்டக்கிச் சட்டத்தையும் இதையும் பக்கத்தில் வைத்தால் வேறுபாடு பளிச்சென்று தெரியும். அங்கே வாசல் எல்லாருக்கும். இங்கே ‘விவிலியம்’ என்ற சொல்லையே சட்டத்தில் எழுதி, ஒரு பூங்காவின் அளவுக்கு வெட்டிய வாசல். 1989 தீர்ப்பின் வெளிச்சத்தில் பார்த்தால் எனக்கு இதுதான் பலவீனமான சட்டமாகப் படுகிறது. பேழைக்குக் கிடைத்த எதிர்ப்பில் சிறு பங்குகூட இதற்குக் கிடைக்கவில்லை என்பது வேடிக்கை. அந்தப் பூங்கா 2020இல் மூடப்பட்டது. அடுத்த ஆண்டு நிலத்தை ஒரு மருத்துவமனைக் குழுமம் வாங்கியது.

2017க்குப் பிறகு காற்று எந்தப் பக்கம்

உச்ச நீதிமன்றம் அடுத்தடுத்து எடுத்த முடிவுகள் மறுப்பதை மேலும் கடினமாக்கின.

1. 2017, டிரினிட்டி லூத்தரன் வழக்கு. விளையாட்டுத் திடலில் ரப்பர் தளம் போட மிசூரி மாநிலம் தந்த மானியப் பட்டியலில், தேவாலயம் நடத்தும் ஒரு மழலையர் பள்ளி 44 விண்ணப்பங்களில் 5ஆவது இடம் பெற்றும் ஒதுக்கப்பட்டது. அது தவறு என்றது நீதிமன்றம்.

2. 2020, எஸ்பினோசா. தனியார் பள்ளிகளுக்கு உதவுவதென்றால் மதப் பள்ளியை விலக்க முடியாது.

3. 2022, கார்சன். அந்தப் பணம் மத போதனைக்கே செலவாகும் என்பதும் விலக்கப் போதுமான காரணம் அல்ல.

4. அதே 2022இல், கென்னடி வழக்கில் லெமன் சோதனையையே நீதிமன்றம் கைவிட்டது. இனி வரலாறும் மரபும்தான் வழிகாட்டி.

பேழை வழக்கு இன்று வந்திருந்தால் மாநிலத்தின் தோல்வி இன்னும் விரைவாக வந்திருக்கும். ஆனால் எல்லாம் முடிந்துவிடவில்லை. நியூ ஜெர்சியின் மோரிஸ் கவுண்டி, பழமையான கட்டடப் பாதுகாப்பு நிதியில் 12 தேவாலயங்களுக்கு 46 லட்சம் டாலர் தந்ததை அம்மாநில உச்ச நீதிமன்றம் 2018இல் மாநில அரசியலமைப்பைக் காட்டி ரத்து செய்தது. 2019இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அதை எடுத்து விசாரிக்க மறுத்தது. நீதிபதி கவனா, இந்தக் கேள்வியை ஒருநாள் தீர்க்க வேண்டிவரும் என்று தனியாக எழுதிவைத்தார்; நீதிபதிகள் அலிட்டோவும் கோர்சச்சும் அதில் சேர்ந்துகொண்டார்கள். அதிலும் ஒரு சிக்கல்: அங்கே வழிபாடு நடக்கும் கட்டடத்துக்கே பணம் போனது. டிக்கெட் வாங்கிப் பார்க்கும் பூங்காவில் வழிபாடு எது, காட்சி எது என்ற கோட்டை யார் போடுவது?

யார் கொடுக்கிறார்கள்

விற்பனை வரி பற்றியே எல்லாரும் பேசியதால், அதைவிடப் பெரிய ஏற்பாடு ஒன்று ஓரமாக நடந்தது. 2013 இறுதியில் வில்லியம்ஸ்டவுன் நகரம் பூங்காவுக்காக 6.2 கோடி டாலர் கடன் பத்திரங்களை வெளியிட்டது. 2014 பிப்ரவரியில் அறிவியல் பரப்பாளர் பில் நையுடன் கென் ஹாம் நடத்திய மேடை விவாதம் பத்திர விற்பனைக்கு உந்துதல் தந்தது என்று ஹாமே சொன்னார். எதிர்க்கப் போனவர் அறியாமல் செய்த உதவி. பத்திரம் நகரத்தின் பெயரில் இருந்தாலும் திருப்பிக் கட்டும் பொறுப்பு நகரத்துக்கு இல்லை. பூங்கா நொடித்தால் நட்டம் பத்திரம் வாங்கியவர்களுக்கு.

ஆனால் கடனை அடைக்க இரண்டு பொது வழிகள் திறக்கப்பட்டன. பூங்காவைச் சுற்றிய பகுதி வரி வளர்ச்சி நிதி வட்டாரமாக அறிவிக்கப்பட்டது. அங்கே கூடும் சொத்து வரியில் 75 சதவீதம் 30 ஆண்டுகளுக்குத் திட்டத்துக்கே போகும். நகரத்துக்கு எஞ்சுவது கால் பங்கு. சாலை மராமத்தும் தீயணைப்பும் அதிலிருந்துதான். 50 சென்ட் கட்டணம் தேவைப்பட்டதற்குப் பின்னணி இதுதான். எழுபத்தைந்தாம் எண் நெடுஞ்சாலையிலிருந்து பூங்காவுக்குத் திரும்பும் சந்திப்பை மாநிலம் தனிச் செலவில் அகலப்படுத்தியது.

இரண்டாவது வழி, அந்த வட்டாரத்தில் வேலை செய்பவர்களின் மொத்தச் சம்பளத்தில் 2 சதவீதப் பிடித்தம். இதற்கும் காலம் 30 ஆண்டு. சம்பளச் சீட்டில் வரியைப் போலவே தெரியும். போவது பூங்காக் கடனுக்கு. மணிக்கு 10 டாலர் வாங்குபவர் முழுநேரம் உழைத்தால் ஆண்டுக்குச் சுமார் 416 டாலர். நம்பிக்கை அறிக்கையில் கையெழுத்திட்டு வேலையில் சேர்ந்த பூங்கா ஊழியருக்கும் அது பொருந்தும். அதே வட்டாரத்துக்குள் கடையோ விடுதியோ வந்தால், பேழையோடு எந்தச் சம்பந்தமும் இல்லாமல் அங்கே பாத்திரம் கழுவுபவருக்கும் பொருந்தும்.